புரோ-ஆமில் ஆடுவதா, கயிற்றுக்கு வெளியே நிற்பதா?

தொழில்முறை கோல்ஃப் வீரரைப் பக்கத்தில் பார்க்க இரண்டு வழிகள்: தொழில்முறை வீரரும் அமெச்சூர்களும் ஒரே குழுவில் ஆடும் புரோ-ஆமில் அவரோடு ஆடுவது, அல்லது பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு வெளியே நிற்பது.

செலவு: புரோ-ஆமில் இடம் பிடிக்கப் பெரும்பாலும் பெருந்தொகையோ ஸ்பான்சரின் அழைப்போ வேண்டும். பார்வையாளருக்கு நுழைவுச்சீட்டு போதும்.

நேரம்: புரோ-ஆமில் பல மணி நேரம் ஒரே குழுவில் நடக்கலாம். சில போட்டிகளில் 9 குழி முடிந்ததும் வீரர் மாறிவிடுவார். கயிற்றோரம் கிடைப்பது அரை நிமிடம்.

பேச்சு: புரோ-ஆம் நடப்பது பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாள், வீரருக்கும் அது பயிற்சிதான். டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) பந்தை நோக்கி நடக்கும்போது பேசுங்கள். அவர் கேடியுடன் (மட்டைப்பை சுமக்கும் உதவியாளர்) தூரம் கணக்கிடும்போது வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் மோசமாக ஆடுவது அவருக்குப் பொருட்டே இல்லை, மெதுவாக ஆடுவதுதான் எரிச்சல். ஒரு குழியில் உங்கள் ஸ்கோர் அணிக்கு உதவாது என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துவிடுங்கள். கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) அவருடைய பந்துக்கும் குழிக்கும் இடையிலான கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

கையெழுத்து: புரோ-ஆமில் 18-வது குழி முடிந்ததும் கேளுங்கள். பார்வையாளர் என்றால் பயிற்சி நாட்கள் நல்லது. போட்டி நாளில் அவர் ஸ்கோர் கார்டில் கையெழுத்திட்டு வெளியே வரும்வரை பொறுங்கள். மார்க்கரின் மூடியைத் திறந்தே நீட்டுங்கள். கொடியோ தொப்பியோ சரி. பந்து வேண்டாம், அதன் சிறு பள்ளங்கள் நிறைந்த பரப்பில் மை இழுபடும். அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும்போது மைதானத்துக்குள் கையெழுத்துக் கேட்கவே கூடாது.

ஆட்ட நுணுக்கம் கேட்டறிய ஆசையென்றால் புரோ-ஆம். கையெழுத்தும் படமும் போதுமென்றால் பயிற்சி நாள் சீட்டு; புரோ-ஆமுக்குக் கொட்டும் பணம் அதற்கு வீண்.