காப்பை அடைவு வைத்துச் சேர்ந்தேன்: சேர முன் என் கணக்கை ஒருக்கா பாருங்கள்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். நூல் எவ்வளவு, பொத்தான் எவ்வளவு, யார் இன்னும் காசு தரவில்லை, எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கும். ஐம்பது ரூபா ஊசிப் பெட்டியைக்கூட விடாமல் எழுதுகிற நான், சாமான் எடுத்து ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற ஒரு வியாபாரத்தில் போன வருடம் சேர்ந்து, ஏழே மாதத்தில் ஒன்றரை இலட்சம் ரூபா அளவில் தொலைத்தேன். அந்தக் காசு மட்டும் கொப்பியில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் இரண்டாம் மாதமே நிறுத்தியிருப்பேன்.

கூப்பிட்டது வெளியாள் இல்லை, மச்சாள். "ஒருக்கா வந்து கேளுங்கோ மச்சாள், பிடிக்காட்டி எழும்பி வாங்கோ." பட்டணத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். கோட் போட்ட ஒரு பெடியன் தனக்கு மாதம் நாலு இலட்சம் வருவதாகச் சொன்னான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழுதுகொண்டே தன் கதையைச் சொன்னார். இரண்டரை மணித்தியாலம் அங்கே சொன்ன இலக்கம் எல்லாம் வரவு. செலவு என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான்: "ஆக்களைச் சேர்த்தால்தான் காசு எண்டால், பிறகு சாமான் என்னத்துக்கு?" எனக்குக் கோபம் வந்தது. அவருடைய தங்கச்சியைத்தானே சந்தேகப்படுகிறார் என்று நானே அவருக்குப் புத்தி சொன்னேன்.

ஒரு பவுண் காப்பை அடைவு வைத்து 85,000 ரூபா கட்டினேன். கிடைத்தது சத்துமாப் பெட்டிகளும் சவர்க்காரமும். காசை நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்குத்தான் போடச் சொன்னார்கள். அங்கேயே எழும்பி வந்திருக்க வேண்டும்.

சேரும் காசோடு செலவு முடிந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. கமிஷன் வர வேண்டுமென்றால் நாங்கள் 'அக்டிவ்' ஆக இருக்க வேண்டுமாம். அதற்கு மாதாமாதம் 9,500 ரூபாவுக்குச் சாமான் எடுக்க வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் எடுக்க வேண்டும். ஏழு மாதத்தில் 66,500. கூட்டத்துக்கு நாலு டிக்கெட், 6,000. கொழும்பில் 'தலைமைத்துவப் பயிற்சி' என்று பஸ்ஸில் கூட்டிப்போனதற்கு 12,000. அடைவு வட்டி 8,000. எல்லாமாக 177,500. வந்தது? சாமான் விற்று 11,400, இரண்டு பேரைச் சேர்த்ததற்கு 17,000. மிச்சம் 149,100 ரூபா நட்டம். வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு ஓடித் திரிந்த நாட்களின் தையல் கூலியை நான் இதில் சேர்க்கவில்லை.

அந்தச் சத்துமாவை ஏன் விற்க முடியவில்லை என்றும் சொல்ல வேண்டும். அதே மாதிரியான சாமான் கடையில் பாதி விலைக்கும் குறைவு. வாங்கினவர்கள் எல்லாம் என் முகத்துக்காக ஒரு தரம் வாங்கினவர்கள். இரண்டாம் தரம் என் குரலைக் கேட்டதும் போனை எடுப்பதில்லை.

ஒரு நாள் மெஷினில் இருந்தபடியே கணக்குப் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்த்தால் போதும் என்றுதானே சொன்னார்கள்? 5, 25, 125, 625 என்று போய் எட்டாவது படியில் மட்டும் 390,625 பேர். ஒன்பதாவது படிக்கு 19 இலட்சத்துக்கு மேல் ஆள் வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தவர்களே ஆறு இலட்சம் இல்லை. கைக்குழந்தையையும் சேர்த்தால்கூடக் காணாது.

கனடாவில் இருக்கும் அண்ணாவின் மகளிடம் சொன்னபோது அவள் ஒன்றை வாசித்துக் காட்டினாள். இப்படியான 70 நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பார்த்து, 2024 செப்டெம்பரில் அறிக்கை விட்டதாம். பெரும்பாலானோருக்குக் கிடைத்தது வருடத்துக்கு ஆயிரம் டொலர் அல்லது அதற்கும் குறைவு. பல அறிக்கைகளில் செலவே காட்டப்படவில்லை. அங்கேயும் அதே கதைதான்.

எங்கள் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. வருமானம் பெரும்பாலும் புதிதாக ஆள் சேர்வதில் தங்கியிருக்கும் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின்படி தடை. நடத்துவது மட்டும் குற்றமில்லை, ஊக்குவிப்பதும் குற்றம். இதை வாசித்த இரவு நித்திரை வரவில்லை. இரண்டு பேரை நானே கூட்டிப் போனேனே! நான் இருந்ததைச் சட்டம் என்னவென்று சொல்லும் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. சாமானை வெளியாளுக்கு விற்று வாழ்கிற நேரடி விற்பனைக்காரரும் இருக்கிறார்கள். ஆனால் மேடையில் காட்டிய கம்பனிப் பதிவுச் சான்றிதழை மத்திய வங்கியின் அனுமதி என்று நினைத்து ஏமாறாதீர்கள். இரண்டும் வேறு. தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகத் தீர்மானித்த நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. காசு கட்ட முன் அதைப் பாருங்கள், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

காசைத் திருப்பிக் கேட்டபோது, உடைத்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். உடைக்காதவற்றுக்கு நாள் கடந்துவிட்டதாம். மச்சாளும் பாவம், என்னைவிடக் கூட இழந்தவள். ஆனாலும் இரண்டு பேரும் இன்னும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

நான் சேர்த்தவர்களில் ஒருவர் பக்கத்து வீட்டு அக்கா. மகளின் படிப்புக்கு வைத்திருந்த சீட்டுக்காசைக் கட்டினவர். என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மாதம் 5,000 ரூபாவாகக் கொடுத்துக்கொண்டு வருகிறேன். அதைக் கொப்பியில் எழுதுகிறேன். இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.