“செடி தூங்குது அக்கா”: அஸ்டில்பி வாங்கி ஏமாந்த கதை

நிழல் விழும் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் யாராவது உங்களிடம் அஸ்டில்பி என்ற குளிர்நாட்டுப் பூச்செடியை விற்க வந்தால் வாங்காதீர்கள். ‘வெப்பமண்டல ரகம்’, ‘மலேசியாவின் கேமரன் மலையில் பழக்கப்படுத்தியது’ என்று என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை மூன்று தடவையாக 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். தொகை பெரிதில்லை என்று சிலர் நினைக்கலாம். ஏமாந்த விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு செம்பவாங் பக்கம், மாமனார் காலத்துத் தரைவீடு. பின்னால் பத்தடிக்கு மண் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமரம் மொத்தமாகக் கவிந்திருப்பதால் காலையில் ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். சிமெண்டுத் தரையெல்லாம் பாசி. அங்கே என்ன வைப்பது என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். ஜூலை மாதம். அவள் தோட்டத்தில் சூரியன் சரியாக விழாத ஈர மூலையில், இறகுகளைக் கொத்துக் கொத்தாகச் செருகி வைத்த மாதிரி அடர்சிவப்பில் பூ. கீழே பெரணி போல வெட்டு வெட்டான இலை. “இது நிழல்லயே பூக்குமா?” என்று கேட்டேன். “நிழலும் ஈரமும்தான்டீ இதுக்குச் சாப்பாடு” என்றாள். நான் மயங்கியது அந்த ஒரு வரியில்தான். நம் வீட்டில் இரண்டும் தாராளமாக இருக்கிறதே! குளிர் என்ற மூன்றாவது சாப்பாட்டை அவள் சொல்லவில்லை. அங்கே அது சும்மாவே கிடைப்பதால் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த தடவை ஏப்ரலில் போனபோது அவள் அந்தச் செடியைப் பிரித்து நட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மூன்று நான்கு வருஷம் ஆனால் அஸ்டில்பியின் தூர் நெருக்கமாகி, நடுப்பகுதி மரக்கட்டை மாதிரி ஆகிவிடும்; பூவும் குறையும். குளிர்காலம் முடிந்து துளிர் தலைகாட்டும் நேரத்தில் தோண்டி எடுத்துப் பிரிக்க வேண்டும். முள்கரண்டி போன்ற மண்வெட்டியால் சுற்றிலும் நெம்பித் தூக்கினாள். மண்ணை உதறியதும் உள்ளே இஞ்சிக் கிழங்கும் விறகும் சேர்ந்தது போல ஒன்று. பழைய ரொட்டிக் கத்தியை வைத்து ரம்பம் போல அறுத்தாள். சரக் சரக் என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு துண்டிலும் இளஞ்சிவப்பில் மூன்று நான்கு மொட்டுக் கண்கள், கூடவே ஒரு கொத்து வேர். கண் இல்லாத நடுக்கட்டையைக் குப்பைக் குழியில் போட்டாள். கண் மண் மட்டத்திலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இருக்கும்படி நட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். அந்தச் சரக் சத்தத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஊர் திரும்பி, அடுத்த வருஷம் மார்ச்சில் இணையத்தில் தேடினால், இங்கேயே ஒருவர் விற்கிறார். தமிழ்ப் பையன், முப்பது வயதிருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் உடனே பதில், வாய்க்கு வாய் அக்கா. நம்ம ஆள் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. (இதை என் தம்பி இன்றும் சொல்லிச் சிரிக்கிறான்.) கட்டை வேராகத்தான் தருவான். ஒன்று 22 வெள்ளி, ஆறுக்கு 132. கேட்டதும் பேநவ்வில் (கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. ‘ஃபனால்’ என்று அட்டை செருகியிருந்தது. அக்கா வீட்டில் பார்த்த அதே ரகம். ஜெர்மனியில் ரோன்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் கெயோர்க் அரெண்ட்ஸ் என்பவர் உருவாக்கி 1933-இல் வெளியிட்ட அடர்சிவப்பு அஸ்டில்பி. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற கர்வம் வேறு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் துளிர் விட்டது. ஐந்தாவது வாரம் ஒன்றில் பூவே வந்துவிட்டது. சுண்டுவிரல் நீளத்துக்கு, வெளிறிய ரோஸ் நிறத்தில். ஃபனால் ரத்தச் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு கணம் உறுத்தியது. புது இடம், பழகட்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, படம் எடுத்துப் போட்டு ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். அந்தப் பதிவைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அவனிடம் வாங்கினார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அந்த முதல் துளிர்தான். அஸ்டில்பியின் சொந்த ஊர் சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து மலையோர ஓடைக்கரைகள். ஒரு இனம் அமெரிக்காவிலும் உண்டு. குளிர்காலத்தில் இலையெல்லாம் கருகிப்போய், மண்ணுக்கடியில் கண் மட்டும் உறங்கும். இரண்டு மூன்று மாதம் அப்படிக் குளிரில் கிடந்தால்தான் அடுத்த வருஷம் ஒழுங்காக எழுந்து பூக்கும். வெளிநாட்டு வியாபாரிகள் வேரைக் குளிர்ப்பதன அறையில் வைத்திருந்து அனுப்புகிறார்கள். ஆக, அந்தக் கண் தன் குளிர்காலத்தை ஏற்கெனவே முடித்துவிட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. நம் சூட்டில் வைத்ததும் சேமித்து வைத்திருந்த சத்தில் ஒரு தடவை துளிர்க்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பூக்கும். குளிர்ச்சியூட்டிய கண்ணாடிக் கூடமான ஃபிளவர் டோமில் வைக்கும் டியூலிப் பூவையே கண்காட்சி முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பின்பக்கத்தில் ராத்திரியிலும் 24, 25 டிகிரி. அந்தச் செடிக்கு அடுத்த குளிர்காலம் வரவே வராது. இது விற்பவனுக்கு நன்றாகத் தெரியும். துளிர் வந்து நாம் பாராட்டி எழுதி முடிப்பதற்குள் அவன் வேலை முடிந்துவிடுகிறது.

ஜூனில் இலை ஓரம் முறுகத் தொடங்கியது. கேட்டேன். “தண்ணி பத்தல அக்கா, தொட்டிக்கு அடியில தட்டு வெச்சு எப்பவும் தண்ணி நிக்கட்டும்.” அஸ்டில்பிக்கு ஈரம் வேண்டும் என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். ஆனால் குளிர்ந்த மண்ணின் ஈரம் வேறு, நம் சூட்டில் தேங்கும் தண்ணீர் வேறு. வேர் வெந்துதான் போகும். இதைவிட மோசம், பத்தாம் நாள் மாமியார் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “இங்க என்னமோ நெளியுது பாரு” என்றார். கொசுப்புழு. அப்படியே கவிழ்த்துக் கழுவினேன். அடுத்த வாரமே சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். ஒரு வாரம் தாமதித்திருந்தால் 200 வெள்ளி அபராதம் அதற்கும் சேர்ந்திருக்கும். டெங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செடி வியாபாரி எவனாவது தட்டில் தண்ணீர் நிற்கட்டும் என்றால், அந்த ஒரு சொல்லிலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

ஜூலையில் மூன்று செடி அப்படியே மறைந்துபோயின. மீதி மூன்றில் ஒன்றிரண்டு இலை. “செடி தூங்குது அக்கா, அஸ்டில்பி அப்படித்தான்” என்றான். உண்மையோடு ஒட்டி வரும் பொய்யை மறுப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்! அக்கா தோட்டத்திலும் அது தூங்கியதே. ஆனால் அங்கே அது தூங்குவது பனிக்காலத்தில். ஜூலை அதற்குப் பூக்கிற மாதம். இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் அவனே சொன்னான், “பிரிச்சு நட்டா முழிச்சுக்கும், நானே வந்து செஞ்சு தரேன், 70 வெள்ளி.” வந்தான். பூக் கத்தரிக்கோலால் ஒன்றைப் பிளந்தான். சத்தமே வரவில்லை. ஊறிய ரொட்டியை விரலால் பிய்ப்பது போலப் பிய்ந்து வந்தது. உள்ளே பழுப்பு நிறக் கூழ், நனைந்த கோணிச் சாக்கின் வாடை. மூன்றையும் ஏழு துண்டாக்கினான். ஒன்றிலும் மொட்டு இல்லை.

“தம்பி, கண்ணு எங்க?” என்று கேட்டேன்.

“ட்ராபிக்கல் வெரைட்டிக்குக் கண்ணு வெளிய தெரியாது அக்கா.”

அந்த இடத்தில் அவனை அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மைலோ கலக்கிக் கொடுத்தேன். 70 வெள்ளியையும் அனுப்பினேன். வீடு தேடி வந்த பிள்ளையிடம் எப்படி முகத்துக்கு நேராகச் சொல்வது என்ற சங்கடம். சங்கடத்துக்கு ஒரு விலை உண்டென்றால் எனக்கு அது 70 வெள்ளி.

ஏழும் இரண்டு வாரத்தில் போயின. அப்புறம் வந்ததுதான் உச்சம். மாற்றுச்செடி தருகிறேன், தொட்டியோடு, பூவோடு, வித்தியாசக் காசு 12 வெள்ளி மட்டும் என்றான். நான்கு தொட்டி, 48. செப்டம்பர் முதல் வாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். ரோஸும் சிவப்புமாக இறகு இறகாக நிஜமாகவே அழகான பூ. நான் பூரித்துப்போய் மாமியாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

“இதுக்கா காசு குடுத்த? இது கோழிக்கொண்டை ஜாதிடீ. எங்க ஊர்ல வயக்காட்டுல பண்ணைக்கீரை மொளைக்கும் பாரு, அதுக்கு அக்கா தங்கச்சி.”

அவர் சொன்னது சரி. செலோசியா. இறகு போன்ற பூ உள்ள வகை, நர்சரிகளில் நாலைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. நல்ல செடிதான், ஆனால் முழு வெயில் கேட்கும், ஒரு பருவத்தோடு முடிந்துபோகும். பூவைப் பார்த்தால் தடுமாறும். இலையைப் பார்த்தால் ஏமாற வழியே இல்லை. அஸ்டில்பி இலை மும்மூன்றாகப் பிரிந்து ஓரம் ரம்பப்பல் மாதிரி இருக்கும். செலோசியாவுக்கு வேல் முனை போல ஒற்றை இலை. இரண்டு தடவை நேரில் பார்த்த எனக்கு இது தெரியாமல் போனது ஆசையால்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன். எங்கள் நிழலில் அவையும் மூன்றே வாரத்தில் வெளிறித் தலை சாய்ந்தன.

பணத்தைக் கேட்டபோது, “ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும் அக்கா” என்றான். வேர் எங்கிருந்து வந்தது, தாவர நலச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை, மறுநாள் வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டான். வேரோடு உள்ள செடியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அந்த நாட்டின் சான்றிதழும் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். தீபகற்ப மலேசியாவிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மூன்று செடி வரை கையில் கொண்டுவரச் சலுகை உண்டு. விற்பனைக்கு அது பொருந்தாது. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, இதுதான். ஒழுங்காகத் தருவிப்பவர் தாளைக் காட்டிவிடுவார்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று தம்பி சொன்னான். தனிநபர் 5,000 வெள்ளிக்குள் கோரிக்கை வைக்கப் பத்து வெள்ளிதான் கட்டணம், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே. என் கையில் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் பேநவ் பதிவும். பதிவு செய்த வியாபாரமும் இல்லை. அவனுக்கு என் வீட்டு வாசல் தெரியும், தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும், மைலோவில் நான் எவ்வளவு சீனி போடுவேன் என்பதுகூடத் தெரியும். அவன் வீடு எந்த வட்டாரம் என்றே எனக்குத் தெரியாது. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீளமாக மூச்சு விட்டாள். “நீ கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, அது ஐஸ்ல படுக்கற செடிடீ.” பிறகு எங்கள் மூலைக்கு என்ன வைக்கலாம் என்று பேசினோம். இப்போது அங்கே பறவைக்கூடு பெரணி இரண்டு, கலேடியம் ஒரு வரிசை, மாமரத்து அடியில் மாமியாரின் வெற்றிலைக் கொடி. பிரித்து நடும் ஆசை மட்டும் போகவில்லை. அதற்கு பீஸ் லில்லி இருக்கிறது. போன வாரம் தொட்டியைக் கவிழ்த்து, ஒரு தூரை நான்காகப் பிரித்தேன். கத்திகூட வேண்டியிருக்கவில்லை, கையாலேயே வந்தது. நான்கும் நிமிர்ந்து நிற்கின்றன.

நேற்று ராத்திரி சும்மா தேடிப் பார்த்தேன். அவன் புதுப் பெயரில் இருக்கிறான், விலை 26 வெள்ளி. படம் அதே படம்: பின்னால் புகைபோக்கி வைத்த செங்கல் வீடு, அதைக் கேமரன் மலை என்று எழுதியிருக்கிறான். இந்தத் தடவை நீல நிறத்திலும் ஒரு பூவைப் போட்டிருக்கிறான். அஸ்டில்பி வெள்ளை, ரோஸ், சிவப்பு, ஊதா என்று பூக்கும். நீலத்தில் கிடையாது.