டெலே வாய்மொழித் தேர்வில் சமூகப் பிரச்சினைகளைப் பேசுவது: பி2 முதல் சி1 வரை என் அனுபவம்

ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன தலைப்பு வரும்?" என்பதுதான். வீட்டு வாடகை, சுற்றுலா நெரிசல், வீட்டிலிருந்து வேலை, சுற்றுச்சூழல், சமூக ஊடகம், குடியேற்றம், கல்வி என்று ஒரு பத்துப் பன்னிரண்டுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தலைப்பு தெரிவதால் பெரிய பயன் கிடையாது. மாட்ரிட்டில் வேலை பார்த்துக்கொண்டே, டெலே என்ற ஸ்பானிஷ் மொழிச் சான்றிதழ்த் தேர்வில் பி2 நிலை, சில வருடம் கழித்து அதற்கு அடுத்த சி1 நிலை, இரண்டும் முடித்தேன். இப்போது தெரிந்தவர்களின் தயாரிப்புக்கும் உதவுகிறேன். இத்தனைக்கும் பிறகு நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: எதிரே இருப்பவர் "சரி, அப்படிச் செய்தால் இவர்கள் கதி என்ன?" என்று கேட்கும்போது நம் கருத்தை எப்படித் தாங்கிப் பிடிக்கிறோம், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறோம் என்பதில்தான் இந்தத் தேர்வே இருக்கிறது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி2 வாய்மொழித் தேர்வு 20 நிமிடம், அதற்கு முன் தயாரிப்புக்கு 20 நிமிடம். முதல் பகுதியில் ஒரு பிரச்சினையும் அதற்கான சில தீர்வு யோசனைகளும் தாளில் இருக்கும். அவற்றின் சாதக பாதகங்களை மூன்று நான்கு நிமிடம் தனியாகப் பேசிவிட்டு, பிறகு தேர்வாளரோடு உரையாட வேண்டும். இரண்டாவதில் ஒரு புகைப்படம். அதில் என்ன நடக்கிறது என்று கற்பனை செய்து சொல்ல வேண்டும். மூன்றாவதில் ஒரு கருத்துக்கணிப்பு, இதற்கு முன்தயாரிப்பு நேரம் கிடையாது. அறையில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் நம்மோடு பேசுவார், மற்றவர் பேசாமல் கவனித்து மதிப்பெண் போடுவார். பேசுகிறவர் மொத்தமாக ஒரு மதிப்பீடு தருகிறார். மற்றவர் கோவையாகப் பேசுகிறோமா, சரளம் எப்படி, இலக்கணம் சரியா, சொல்வளம் போதுமா என்று தனித்தனியாகப் பார்க்கிறார். இந்த நான்கில் எங்கேயும் "கருத்து சரியா" என்ற கட்டம் இல்லை. இடதுசாரியாகப் பேசினாலும் வலதுசாரியாகப் பேசினாலும் மதிப்பெண் மாறாது.

இன்னொரு விஷயம். வாய்மொழிக்கு 25 மதிப்பெண், கேட்டல் பகுதிக்கு 25. இரண்டும் சேர்ந்து 50-க்கு 30 எடுத்தால் அந்தப் பாதி தேறிவிடும். கேட்டலில் தடுமாறுகிறவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்குக் கைகொடுப்பது வாய்மொழிதான். அதனால்தான் இந்த 20 நிமிடத்துக்கு இவ்வளவு அக்கறை காட்டச் சொல்கிறேன்.

இனி, நான் பயன்படுத்தியவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது. முதலில் ஒரு பயிற்சி நூல் வாங்கினேன். ஒவ்வொரு தலைப்புக்கும் சொற்பட்டியல், ஒரு பக்கம் முழுக்க இணைப்புச் சொற்கள், ஒரு மாதிரிப் பேச்சு. "போர் உன் லாதோ, போர் ஓத்ரோ லாதோ" (ஒரு பக்கம், மறு பக்கம்) என்று ஆரம்பித்து, "என் கொன்க்ளுஸியோன்" (முடிவாக) என்று முடிக்கிற வகை. எழுத்துத் தேர்வுக்கு அது பரவாயில்லை. பேச்சில் அது ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை, ஏனென்றால் இணைப்புச் சொற்கள் இருக்கும், இணைக்க விஷயம் இருக்காது. மாதிரிப் பேச்சை மனப்பாடம் செய்து வருகிறவர்களைத் தேர்வாளர்கள் முதல் குறுக்குக் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வேகமாகப் போய்க்கொண்டிருந்த வாய் அங்கே சட்டென்று நின்றுவிடும்.

நின்றது எது என்றால், சிஸ் வெளியிடும் மாதாந்திரக் கருத்துக்கணிப்பு. ஸ்பெயின் அரசின் சமூகவியல் ஆய்வு மையம் அது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வழக்கமாக வரும் இரண்டு கேள்விகள் எனக்கு மிகவும் உதவின. ஒன்று, "ஸ்பெயினின் முக்கியமான பிரச்சினைகள் எவை?" மற்றொன்று, "உங்களைச் சொந்த வாழ்க்கையில் அதிகம் பாதிக்கும் பிரச்சினைகள் எவை?" இரண்டுக்கும் மக்கள் ஒரே பதிலைச் சொல்வதில்லை. 2024 செப்டம்பர் கணிப்பில் நாட்டின் பிரச்சினைகளில் குடியேற்றம் முதல் இடத்துக்கு வந்தது. ஆனால் சொந்த வாழ்க்கை என்று கேட்டபோது அந்த அளவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. இந்த இடைவெளி ஏன்? ஊடகமா, அரசியல் பேச்சா, அல்லது வருங்காலம் பற்றிய கவலையா? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டே ஐந்து நிமிடம் பேசலாம். அப்படிப் பேசும்போது இணைப்புச் சொற்கள் தானாக வந்து உட்காரும்.

மூன்றாவது பகுதிக்கும் இது நேரடியாகவே உதவுகிறது. அந்தத் தாளில் முதலில் கேள்விகள் மட்டும் இருக்கும், நீங்கள் உங்கள் பதிலைச் சொல்ல வேண்டும். அப்புறம் உண்மையான முடிவுகளைக் காட்டுவார்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது, எது ஆச்சரியம் என்று பேச வேண்டும். பலர் இங்கே சதவீதங்களை வரிசையாக வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எண்ணை வாசிப்பதில் மதிப்பெண் இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டும்: கேட்டது கிராமத்திலா நகரத்திலா, வயது என்ன, இதே கேள்வியைப் பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஊகம் என்று வந்தவுடனே ஸ்பானிஷில் நிபந்தனை வினைகளும், ஐயம், விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் ஸுப்ஹுன்திவோ என்ற வினைவடிவமும் வந்தாக வேண்டும். பி2-வில் அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

முதல் பகுதிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. வாடகைப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இன்றைய ஸ்பெயினில் இதைவிடச் சூடான பேச்சு வேறு இல்லை. நகர மையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் பெருகிவிட்டன, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வெளியேற வேண்டியிருக்கிறது என்று பிரச்சினை. யோசனைகள்: அந்தச் சுற்றுலா வீடுகளுக்கான உரிமங்களை ரத்து செய்வது, வாடகைக்கு உச்சவரம்பு வைப்பது, இளைஞர்களுக்கு மானியம் தருவது, அரசே வீடு கட்டி வாடகைக்கு விடுவது.

ஒவ்வொரு யோசனைக்கும் நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகினேன். யாருக்கு லாபம், யார் தலையில் விழும், என்ன நிபந்தனையோடு ஒத்துக்கொள்ளலாம். மானியத்தை எடுங்கள். 2022-இல் வந்த இளைஞர் வாடகை உதவித்தொகை மாதம் 250 யூரோ. வாங்கும் பையனுக்கு லாபம்தான். ஆனால் வீடுகள் குறைவாக இருக்கும் ஊரில் எல்லார் கையிலும் 250 யூரோ கூடுதலாக இருந்தால் உரிமையாளர் வாடகையை ஏற்றிவிடுவார், பணம் பையன் வழியாக அவரிடமே போய்ச் சேரும். அதனால் வாடகை உச்சவரம்பும் கூடவே இருந்தால்தான் ஒத்துக்கொள்வேன். இந்தக் கடைசி வாக்கியத்தை "ஸியெம்ப்ரே கே" (என்ற நிபந்தனையோடு) போட்டுச் சொன்னால் ஸுப்ஹுன்திவோ தானாகவே வந்துவிடும், வலிந்து திணிக்க வேண்டாம்.

உரிம ரத்துக்கு பார்சிலோனா நல்ல உதாரணம். அங்கே பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று மாநகராட்சி 2024 ஜூனில் அறிவித்தது. இதைச் சொன்னவுடன் வரக்கூடிய எதிர்க்கேள்வியையும் இப்போதே சொல்லிவிடலாம்: "ஒரே ஒரு வீட்டை வைத்து அந்த வருமானத்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் பாட்டி என்ன செய்வார்?" இந்த இடத்தில் பிடிவாதமாக முதல் வரியையே திரும்பச் சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "நீங்கள் சொல்வது சரி, அவரையும் இருபது வீடு வைத்திருக்கும் நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, அதனால் வீட்டு எண்ணிக்கையைப் பொறுத்து விதி மாற வேண்டும்" என்று கருத்தைத் திருத்திக்கொண்டு மேலே போகிறவர்களுக்குத் தேர்வாளர் முகத்தில் ஒரு தெளிவு வரும். விட்டுக்கொடுத்துப் பேசினால் தோற்றுவிட்டோம் என்று நம் ஊர்ப் பட்டிமன்றப் பழக்கத்தில் தோன்றும். இங்கே அது நேர்மாறு. "நோ க்ரேயோ கே ஸெயா ஹுஸ்தோ" (அது நியாயம் என்று நான் நினைக்கவில்லை) என்று மறுத்து, "அவுங்கே" (இருந்தாலும்) என்று ஒரு விதிவிலக்கு சேர்த்து, பிறகு தன் நிலைக்குத் திரும்புகிறவர்தான் நன்றாகப் பேசுகிறவர்.

இப்படி நான்கைந்து விஷயங்களை ஆழமாக வைத்துக்கொண்டால் போதும். மக்கள் வெளியேறி வெறுமையாகும் ஸ்பெயின் கிராமங்கள் எனக்குப் பிடித்த இன்னொன்று. 2019 மார்ச் 31-ஆம் தேதி மாட்ரிட்டில் அதற்காகப் பெரிய ஊர்வலம் நடந்தது, அதே வருடம் நவம்பர் தேர்தலில் தெருவெல் மாகாணத்து மக்கள் இயக்கம் ஒரு நாடாளுமன்ற இடத்தையே பிடித்தது. மருத்துவர் இல்லை, ரயில் இல்லை, வங்கிக் கிளை மூடிவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ஒவ்வொரு குறையும் வேறொரு தலைப்புக்குக் கதவு திறக்கிறது: போக்குவரத்து, முதியோர் நலம், வீட்டிலிருந்து வேலை, இணைய வசதி. ஒரு கிராமத்தை உருப்படியாகத் தெரிந்துகொண்டால் பாதித் தலைப்புகள் உள்ளே வந்துவிடும்.

"உங்கள் நாட்டில் எப்படி?" என்ற கேள்வி நமக்கு நிச்சயம் வரும். இதற்குத் தயாராக இல்லாமல் போவது பெரிய இழப்பு, ஏனென்றால் நம்மிடம் நல்ல விஷயம் இருக்கிறது. காளைச்சண்டை பேச்சு வந்தால் தமிழர் யாருக்கும் ஜல்லிக்கட்டு ஞாபகம் வராமல் இருக்காது. அதை "எங்கள் ஊரிலும் இருக்கிறது" என்று ஒரு வரியில் விட்டுவிடாதீர்கள். ஜல்லிக்கட்டில் காளையைக் கொல்வது கிடையாது, திமிலைப் பிடித்துத் தொங்குவதுதான் வீரம் என்று முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்புறம் சட்டக் கதைக்கு வாருங்கள். ஸ்பெயினின் ஒரு மாநிலமான கட்டலோனியாவின் நாடாளுமன்றம் 2010-இல் காளைச்சண்டையைத் தடை செய்தது, 2016-இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நம் நாட்டில் 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது, 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள், தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது, 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஸ்பெயினில் மாநிலம் தடை போட்டது, நம் ஊரில் மாநிலம் தடையை நீக்கியது. ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: ஒரு மக்களின் மரபைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? நான் இதைப் பேசிக் காட்டிய ஸ்பானிஷ் நண்பர்கள் ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஜல்லிக்கட்டு பிடிக்கும், காளைச்சண்டை பிடிக்காது. அதையும் காரணத்தோடு சொல்லலாம், தவறில்லை.

ஒருவர் மொழியை மற்றவர் பேசிப் பழகும் இன்தெர்காம்பியோ என்ற மொழிப் பரிமாற்றச் சந்திப்புகள் பற்றி ஒரு எச்சரிக்கை. மாட்ரிட்டில் இதற்கென்றே மாலைக் கூட்டங்கள் நடக்கும் மதுக்கடைகள் உண்டு. சரளம் வளர அவை நல்லவை. ஆனால் அங்கே யாரும் உங்களை மறுத்துப் பேச மாட்டார்கள், அன்பாகத் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பலன் தந்தது ஒரே ஒரு அலுவலகத் தோழிதான். நான் எதைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் எடுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். மதிய உணவு நேரத்தில் அவர் என்னை விடாமல் மடக்குவார். காசு கொடுத்துப் படித்த வகுப்பைவிட அது மேல்.

சி1-இல் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. நீளமான ஒரு கட்டுரையைப் படித்து அதன் சாரத்தைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், பிறகு அதைப் பற்றி உரையாட வேண்டும், கடைசியில் தேர்வாளரோடு பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். பி2-வுக்குச் செய்த எதிர்வாதப் பயிற்சி அப்படியே உதவியது. கூடுதலாகத் தேவைப்பட்டது வாசிப்பு மட்டும்தான். நாளிதழ்களின் கருத்துப் பக்கத்தை வாசித்து, எழுதியவர் எதை நிரூபிக்கிறார், எதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகிறார் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் சி1-இன் முதல் பகுதிக்கு அப்படியே பொருந்தும்.

லண்டனில் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் ஸ்பானிஷ் எடுத்த என் அக்கா மகளுக்கு உதவியபோது ஒரு முக்கியமான வித்தியாசம் தெரிந்தது, அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். டெலேயில் ஸ்பெயின் பற்றிய தகவலுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. தகவல் நம் பேச்சுக்குச் சதை சேர்க்கிறது, அவ்வளவே. ஏ லெவலில் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் சமூகம் பற்றிய அறிவுக்கே மதிப்பெண் உண்டு. ஏ லெவல் நடத்தும் வாரியங்களில் ஒன்றான ஏக்யூஏவின் தேர்வில் ஐந்து நிமிடத் தயாரிப்புக்குப் பிறகு ஒரு அட்டையை வைத்து உரையாடல், அதில் மாணவர் தேர்வாளரிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். பிறகு சொந்தமாக ஆராய்ந்த தலைப்பில் இரண்டு நிமிடப் பேச்சும் நீண்ட விவாதமும். அங்கே "பல நாடுகளில் இப்படித்தான்" என்று பொதுவாகப் பேசினால் மதிப்பெண் போய்விடும். பெயர், வருடம், சட்டம், ஊர் எல்லாம் வேண்டும்.

தயாரிப்பு அறையில் கிடைக்கும் 20 நிமிடம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குறிப்பு எடுக்கலாம், பேசும்போது அதை எட்டிப் பார்க்கலாம், வாசிக்கக் கூடாது. முழு வாக்கியம் எழுதினால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே இரண்டு சொல், பக்கத்தில் ஒரு ஆட்சேபம், அது போதும். இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பிடித்த தலைப்பை எடுக்காமல், எதிர்க்கேள்வி உங்களுக்கே எளிதாகத் தோன்றும் தலைப்பை எடுங்கள். மனசுக்கு மிக நெருக்கமான விஷயத்தில் உணர்ச்சி முந்திக்கொள்ளும், இலக்கணம் பின்னால் நின்றுவிடும்.

ஸ்பெயின் குடியுரிமைக்காக மட்டும் டெலே எழுத நினைக்கிறவர்களுக்கு: அதற்கு ஏ2 நிலை போதும், அதோடு அரசியலமைப்பு, சமூகம் பற்றிய சிசிஎஸ்இ தேர்வில் 25 கேள்விகளில் 15 சரியாக இருக்க வேண்டும். ஏ2-வில் இந்த மாதிரி விவாதம் எதுவும் வராது, அன்றாட விஷயங்கள்தான். பி2 என்பது மேற்படிப்பு, வேலை, அல்லது இந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் பிரச்சினையைப் பற்றிச் சமமாகப் பேச வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கு. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. எனவே அவசரப்பட்டுப் பதிவு செய்யாமல், யாராவது ஒருவர் உங்களை விடாமல் மறுத்துப் பேச ஏற்பாடு செய்துகொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.