ஃபித்திபால்டிக்கு ஓட்டுப் போட இருந்த ஒரே வழி: இத்தாலியின் தபால் ஓட்டுச் சேவை எப்படி?

2022 செப்டம்பர் 25 அன்று நடந்த இத்தாலிய நாடாளுமன்றத் தேர்தலில் எமர்சன் ஃபித்திபால்டி செனட் சபைக்கு நின்றார். 1972-இல் லோட்டஸ் காரிலும் 1974-இல் மெக்லாரன் காரிலும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றவர். 1989, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் வென்றவர். பிறந்தது பிரேசிலின் சாவ் பாவ்லோ; தந்தைவழிக் குடும்பம் இத்தாலியின் தெற்கே பசிலிகாத்தாவிலிருந்து வந்தது. 75 வயதில், இத்தாலிய வலதுசாரிக் கூட்டணியின் பட்டியலில், தென் அமெரிக்கத் தொகுதிக்கு வேட்பாளர்.

அவரை எடைபோட வேறு இடங்கள் உண்டு. இங்கே எடைபோடுவது, அவருக்கோ அவருடைய எதிராளிகளுக்கோ தென் அமெரிக்காவிலிருந்து ஓட்டுப் போட இத்தாலிய அரசு தருகிற தபால் சேவையை. பந்தய வீரரின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஓட்டு இரண்டு உறைகளுக்குள் அடங்கி, உரிய நாளில் துணைத் தூதரகத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த வழியில் எங்கே சறுக்குகிறது என்று தெரிந்தவர்களின் ஓட்டுதான் எண்ணப்படுகிறது.

சேவையின் அடிப்படை 2001-ஆம் ஆண்டின் 459-ஆம் எண் சட்டம். 2003 பொது வாக்கெடுப்பில் முதலில் பயன்பட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் 2006 முதல். வெளிநாட்டு இத்தாலியர்களுக்கென்று நான்கு பகுதிகள்: ஐரோப்பா; தென் அமெரிக்கா; வட, மத்திய அமெரிக்கா சேர்ந்து ஒன்று; ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா, அண்டார்க்டிகா சேர்ந்து ஒன்று. 2020 வாக்கெடுப்பில் நாடாளுமன்ற இடங்கள் குறைக்கப்பட்டதால், வெளிநாட்டுக்கான மொத்த இடங்கள் 18-இலிருந்து 12 ஆயின. தென் அமெரிக்காவுக்கு முன்பு 4 கீழவை இடமும் 2 செனட் இடமும் இருந்தன. 2022-இல் கீழவைக்கு 2, செனட்டுக்கு ஒன்றே ஒன்று. கொலம்பியாவின் வட முனையிலிருந்து அர்ஜென்டினாவின் தென் முனை வரை ஒரு கண்டம் முழுவதற்கும் ஒரு செனட்டர். ஃபித்திபால்டி நின்றது அந்த ஒற்றை இடத்துக்கு. வெளிநாட்டு இத்தாலியர் இயக்கமான மாயேயின் மாரியோ போர்கேசே அதை வென்றார்.

பதிவு தானாக நடப்பதில்லை. வெளிநாட்டில் வாழும் இத்தாலியர்களின் பதிவேட்டுக்கு ஆயிரே என்று பெயர்; 1988-இல் வந்தது. குடிபெயர்ந்த 90 நாளுக்குள் அதில் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் பொதுத் தேர்தலுக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை, வாக்குச்சீட்டுகள் அடங்கிய தபால் கட்டு வீடு தேடி வரும். இங்கே பலர் குழம்புகிறார்கள். துணைத் தூதரகப் பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும், வெளிநாட்டு இத்தாலியரின் பிரதிநிதிக் குழுவான கோமித்தேஸுக்கான தேர்தலுக்கு (2021 டிசம்பர் 3 அன்று நடந்தது போல) முன்கூட்டியே ஓட்டுப் போட விருப்பம் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில், பொதுத் தேர்தலுக்கும் ஏதோ படிவம் தர வேண்டும் என்று தேடுகிறவர்கள் உண்டு. தர வேண்டியதில்லை. இத்தாலிக்கே போய் ஓட்டுப் போட விரும்புகிறவர்கள் மட்டும்தான் எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணை வெளியான 10 நாளுக்குள். 2022-இல் அதற்குக் கடைசி நாள் ஜூலை 31. ஒன்றைக் கவனியுங்கள்: அப்படிப் போனால் இத்தாலியத் தொகுதியின் வேட்பாளர்களுக்குத்தான் ஓட்டு. ரோமுக்கு விமானம் ஏறிய ஒருவரால் ஃபித்திபால்டிக்கு ஓட்டுப் போட்டிருக்க முடியாது. தபால்தான் ஒரே வழி.

எல்லாரும் பிளிகோ என்று சொல்லும் அந்தக் கட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பவை: விளக்கத் தாள், வேட்பாளர் பட்டியல்கள், கிழித்தெடுக்கும் துண்டுடன் கூடிய வாக்காளர் சான்று, கீழவைக்கும் செனட்டுக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒவ்வொரு வாக்குச்சீட்டு, வெள்ளை நிறச் சின்ன உறை, துணைத் தூதரக முகவரி அச்சிட்டு அஞ்சல் கட்டணமும் செலுத்தப்பட்ட பெரிய உறை. முன்பெல்லாம் 25 வயது நிரம்பாதவர்களுக்கு செனட் சீட்டு வராது. 2021 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு 18 வயதானவருக்கும் இரண்டும் வரும். ஒன்று குறைந்தால் அச்சகத் தவறு என்று விட்டுவிடாமல் உடனே தூதரகத்திடம் சொல்லுங்கள்.

சீட்டில் குறியிடுவதுதான் தென் அமெரிக்க வாக்காளர்களுக்கு உண்மையான சோதனை. கறுப்பு அல்லது நீலப் பேனா. கட்சிப் பட்டியலின் சின்னத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி. அதன் பக்கத்தில் இருக்கும் கோட்டில், அதே பட்டியலில் உள்ள வேட்பாளரின் குடும்பப் பெயரைக் கையால் எழுதலாம். இரண்டோ அதற்கு மேலோ இடங்கள் உள்ள பகுதியில் இரண்டு பெயர், ஓர் இடம் மட்டும் உள்ள பகுதியில் ஒரு பெயர். ஆகவே 2022-இல் கீழவைச் சீட்டில் இரண்டு பெயர் எழுத முடிந்தது. செனட் சீட்டில் ஒன்றுதான். இரண்டு சீட்டுக்கும் விதி ஒன்றே என்று எண்ணுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

பிரேசில் வாக்காளர் இத்தாலியத் தேர்தலுக்கு ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2 அன்று, சொந்த நாட்டில் மின்னணு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டார். அங்கே எண்ணை அழுத்தினால் வேட்பாளரின் முகம் திரையில் தெரியும். சரிபார்த்து உறுதி செய்யலாம். இத்தாலியச் சீட்டில் அழுத்த எண் இல்லை, முகம் இல்லை, திருத்தவும் வழியில்லை. அர்ஜென்டினாக்காரருக்கு அந்தக் காலத்தில் வேறு பழக்கம்: கட்சியே அச்சடித்த சீட்டை எடுத்து உறைக்குள் போட்டால் முடிந்தது, எதையும் எழுத வேண்டியதில்லை. இரண்டு நாட்டவர் கையிலும் இந்தச் சீட்டு அந்நியமாகத்தான் இருக்கும். சின்னத்தில் குறியிட்டு, பக்கத்துப் பட்டியலில் இருப்பவரின் பெயரை எழுதினால் அந்தப் பெயருக்கான விருப்ப ஓட்டு செல்லாது. மாறாக, சின்னத்தில் குறியிடாமல் சரியான கோட்டில் சரியான பெயரை மட்டும் எழுதி, வேறெங்கும் கோடு போடாதிருந்தால், அது அந்தப் பட்டியலுக்கான ஓட்டாகவும் எண்ணப்படும். சட்டம் இந்த இடத்தில் வாக்காளர் பக்கம் நிற்கிறது, நல்ல ஏற்பாடு. ஃபித்திபால்டி போன்ற நெடிய பெயரை எழுதும்போது, அனுப்பிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுவதுதான் பாதுகாப்பு. பந்தயக் காரின் படமோ வாழ்த்தோ கையெழுத்தோ சீட்டில் போடவே கூடாது. யார் போட்டது என்று அடையாளம் காட்டும் எந்தக் குறியும் ஓட்டைக் கெடுத்துவிடும்.

அடுத்தது உறைகள். இரண்டு சீட்டும் மடித்துச் சின்ன உறைக்குள், ஒட்டி மூடுங்கள். அதன்மேல் எதுவும் எழுதக் கூடாது. சான்றிலிருந்து துண்டைக் கிழித்து, சின்ன உறையோடு சேர்த்துப் பெரிய உறைக்குள். சான்றின் மிச்சம் உங்களிடமே இருக்கட்டும். பெரிய உறையின் பின்பக்கம் அனுப்புநர் பெயர் வேண்டாம்; கை பழக்கத்தில் எழுதிவிடும், நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்பின் அழகு அந்தத் துண்டில் இருக்கிறது. ஓட்டுப் போட்டது பதிவேட்டில் உள்ளவர்தான் என்று துண்டு சொல்கிறது. யாருக்குப் போட்டார் என்பதைச் சின்ன உறை மறைக்கிறது. இரண்டும் பெரிய உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே துண்டைத் தவறுதலாகச் சின்ன உறைக்குள் போட்டால் இரகசியம் உடைகிறது, ஓட்டு செல்லாது. துண்டே இல்லாவிட்டாலும் செல்லாது. கணவன் மனைவி இருவரின் சின்ன உறைகளையும் சிக்கனமாக ஒரே பெரிய உறையில் அனுப்பினால் இரண்டுமே போய்விடும். சின்ன உறையை விட்டுவிட்டுச் சீட்டை நேராகப் பெரிய உறையில் போட்டாலும் அப்படித்தான். இவை சின்னத் தவறுகள். ஆனால் விளக்கத் தாள் நெருக்கமாக அச்சிட்ட இத்தாலியம். பாட்டனுக்குப் பாட்டன் வழியில் குடியுரிமை பெற்று, வீட்டில் போர்த்துகீசும் ஸ்பானியமும் மட்டும் பேசும் ஒருவரிடம் அதை நீட்டினால் தவறு நேரத்தான் செய்யும். படம் போட்ட ஒரே ஒரு பக்கம், உள்ளூர் மொழியில், ஒவ்வொரு கட்டிலும் இருந்தாக வேண்டும்.

மிகப் பெரிய குறை நாட்காட்டி. தேர்தலுக்கு 18 நாள் முன்பு தூதரகம் கட்டுகளை அனுப்பி முடிக்க வேண்டும்: 2022-இல் செப்டம்பர் 7. நிரப்பிய உறை தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை, உள்ளூர் நேரம் மாலை 4 மணிக்குள் தூதரகத்தில் இருக்க வேண்டும்: செப்டம்பர் 22. கடைசி நாளில் கிளம்பிய கட்டு போகவும் வரவும் கிடைப்பது 15 நாள். அந்த செப்டம்பர் 7 பிரேசிலின் சுதந்திர தின விடுமுறை. மாத்தோ க்ரோசோவின் உட்புறத்தில் இருப்பவருக்கும் சாவ் பாவ்லோ நகரில் தூதரகத்திலிருந்து பத்துத் தெரு தள்ளி இருப்பவருக்கும் இதே 15 நாள்தான். தபால் முத்திரையில் என்ன தேதி இருந்தாலும் பயனில்லை. வந்து சேர்ந்த நேரமே கணக்கு. தாமதமாக வந்த உறைகள் இத்தாலிக்குப் போவதில்லை. சட்டப்படி தூதரகமே அவற்றை எரித்துவிடும். ஒரு குடிமகனின் ஓட்டு பிரிக்கப்படாமலே சாம்பலாவதை எந்த நிர்வாகக் காரணமும் நியாயப்படுத்தாது. அனுப்பும் கெடுவை ஒரு வாரம் முன்னே தள்ளினால் இதில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும்.

கட்டு வரவேயில்லை என்றால், தேர்தலுக்கு 14 நாள் முன்பிருந்து (2022-இல் செப்டம்பர் 11) மாற்றுக் கட்டு கேட்கலாம். சட்டம் நேரில் வரச் சொல்கிறது. மின்னஞ்சலில் கேட்டாலும் ஏற்கும் தூதரகங்கள் உண்டு, அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பிறகு பழைய கட்டும் வந்து சேர்ந்தால் அதைத் தொடாதீர்கள். இரண்டு முறை ஓட்டுப் போடுவது ஒன்று முதல் மூன்று ஆண்டுச் சிறைக்குரிய குற்றம்.

இதைவிட ஆழமான பலவீனமும் உண்டு. வாக்குச்சாவடித் தடுப்பு இல்லாத வீட்டில், அதிகாரிகள் யாரும் பார்க்காமல், யார் கையில் வேண்டுமானாலும் சீட்டு நிரப்பப்படலாம். 2018 தேர்தலில் தென் அமெரிக்காவிலிருந்து வென்ற ஒரு செனட்டரின் தேர்வை 2021 டிசம்பரில் செனட் சபையே ரத்து செய்தது. புவெனஸ் ஐரிஸ் பகுதியிலிருந்து வந்த பல சீட்டுகளில் ஒரே கையின் எழுத்து இருந்ததே காரணம். பெயரைக் கையால் எழுதச் சொல்லும் விதிதான் அந்த மோசடியைக் காட்டிக்கொடுத்தது. பிரேசில்காரருக்குத் தொல்லையாகத் தெரியும் அந்தக் கோடு, இந்தச் சேவையின் கடைசிப் பூட்டு. ஆனால் பூட்டு உடைந்தது தெரியவந்து தீர்ப்பாக மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2022-இல் உலகெங்கும் வெளிநாட்டு இத்தாலியரில் நான்கில் ஒருவரை விடச் சற்றே அதிகமானவர்கள்தான் ஓட்டுப் போட்டார்கள். அக்கறையின்மை ஒரு காரணம்; பழைய முகவரிக்குப் போன கட்டுகள் இன்னொன்று. எங்கள் மதிப்பில், இரட்டை உறை அமைப்புக்கு ஐந்துக்கு நாலரை. விளக்கத் தாளுக்கு இரண்டு. நாட்காட்டிக்கும் தபாலுக்கும் ஒன்றரை. இத்தனை குறையோடும் இதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வெளிநாட்டில் வாழும் சாதாரண இந்தியக் குடிமகன், 6ஏ படிவத்தில் பெயரைச் சேர்த்த பிறகும், அசல் பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தால்தான் ஓட்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழருக்கு ஓட்டின் விலை ஒரு விமானச் சீட்டு. இத்தாலியருக்கு ஒரு பேனா. தனக்கென்று நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் உண்டு. பலெர்மோவில் இத்தாலியக் குடியுரிமை பெற்றுப் பின்னர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த ஈழத் தமிழருக்கும் இந்த உரிமை அப்படியே பொருந்தும். அவருடைய கட்டு ஐரோப்பாப் பகுதிக்கானதாக இருக்கும்.

அடுத்த பொதுத் தேர்தல் 2027 முடிவதற்குள் வந்தாக வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு முகவரி மாற்றினால் அச்சுப் பட்டியலில் ஏறாமல் போக வாய்ப்பு அதிகம். ஆகவே இப்போதே இத்தாலிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையத் தூதரகச் சேவையான ஃபாஸ்ட் இட் தளத்தில் நுழைந்து, ஆயிரேயில் உள்ள முகவரியைத் தபால்காரர் கண்ணால் படித்துப் பாருங்கள்: அடுக்குமாடி எண் இருக்கிறதா, அஞ்சல் குறியீடு முழுதாக இருக்கிறதா, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றுதானா. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்ட பெண்கள் கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இத்தாலிய ஆவணங்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வரும். தபால் பெட்டியில் அந்தப் பெயரையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள்.