கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றி மூன்று ஆண்டுகள்

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்திற்காக நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புத் திருத்தித் தருகிறேன். விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற உரைத்தொகுப்புச் செயலியில், தமிழ்99 விசைப்பலகையில், நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேர வேலை. இடக்கைச் சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை வலி பரவி, தண்ணீர்ச் செம்பைத் தூக்கவும் சிரமப்பட்ட பிறகே, கண்ட்ரோல், ஆல்ட் போன்றவற்றோடு இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்தும் குறுக்குவிசைகளைப் பற்றி யோசித்தேன்.

தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் உள்ளன. புள்ளியும் இடக்கை ஆள்காட்டி விரலுக்கே உரியது. இவ்வளவு உழைக்கும் கையின் சுண்டுவிரலே, மூலையிலுள்ள கண்ட்ரோல் விசையையும் வளைந்து எட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால் நமக்குப் பயன்படாத கேப்ஸ் லாக்கோ, அகரத்தை ஒட்டி, விரல் இயல்பாகத் தங்கும் வரிசையிலேயே இருக்கிறது. விண்டோஸில் பவர்டாய்ஸ் செயலியைக் கொண்டு அதைக் கண்ட்ரோலாக மாற்றினேன். அச்செயலி இயங்கும்போது மட்டுமே மாற்றம் நிலைக்கும். உள்நுழைவுத் திரையில் பழைய விசைதான்.

தொடக்கத்தில் ஒரே நாளில் நாற்பது குறுக்குவிசைகளை மாற்றியது பெரும் பிழை. நகலெடுப்பது, ஒட்டுவது போன்ற பழகிய விசைகளையும் மாற்றியிருந்ததால், அச்சகக் கணினியில் அமர்ந்தபோது கை தடுமாறியது. அவற்றை எல்லாம் பழையபடி வைத்துவிட்டு, அம்புக்குறி விசைகளுக்கு மட்டும் மாற்று அமைத்தேன்: ஆல்ட்டுடன் ஐ, ஜே, கே, எல். இடக்கைக் கட்டைவிரல் ஆல்ட்டை அழுத்த, வலக்கை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வரிகளில் ஏறி இறங்குகிறது. மெய்ப்புத் திருத்துபவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை என்பேன். ஆல்ட்-எல் ஏற்கெனவே 'தேர்ந்த பகுதிக்குள் தேடு' என்பதற்கு உரியது. எனவே விசை அமைப்புக் கோப்பில், சுட்டி உரைக்குள் இருக்கும்போது மட்டும் புதிய விசை செயல்பட வேண்டும் என்னும் 'எடிட்டர்டெக்ஸ்ட்ஃபோகஸ்' நிபந்தனையைச் சேர்த்தேன். தேடல் பெட்டியில் பழைய பொருளும் உரையில் புதிய பொருளும் மோதாமல் நடக்கின்றன.

வலி இப்போது பெருமளவு இல்லை. மருத்துவர் சொன்ன ஓய்வுக்கும் பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு. அச்சக அண்ணாச்சியிடம் கேட்டு, என் அமைப்புக் கோப்பைச் சென்ற ஆண்டு அங்குள்ள கணினியிலும் வைத்துக்கொண்டேன்.