ஆன்சிபிளில் ஷெல் வரியா, சொந்த மாட்யூலா?

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்க உதவும் கருவியான ஆன்சிபிளில், ஒரு வேலைக்கு ஆயத்த மாட்யூல் (அந்த வேலையைச் செய்யும் சிறு நிரல்) கண்ணில் படவில்லை என்றால் கை தானாக ஷெல் பக்கம், அதாவது நேரடிக் கட்டளை வரியின் பக்கம், போகிறது. டெர்மினலில் ஓடிய கட்டளையை அப்படியே பிளேபுக்கில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் கோப்பு) ஒட்டினால் வேலை முடிந்தது. இதற்குப் போட்டியாக இரண்டு வழிகள் உண்டு: ஷெல் மொழியான பேஷில் எழுதும் மாட்யூல், பைத்தானில் எழுதும் மாட்யூல். மூன்றிலும் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

ஷெல் வரிக்குச் சர்வரின் இப்போதைய நிலை தெரியாது. ஐபி முகவரிகளையும் பெயர்களையும் இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க ஒருமுறை எக்கோ கட்டளை எழுதி வைத்தேன். பிளேபுக் இரவுதோறும் ஓடியது. இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் அதே ஐபி, அதே பெயர், பதினான்கு முறை. ஆன்சிபிளோ ஒவ்வொரு இரவும் 'மாறியது' என்று மஞ்சள் நிறத்தில் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. (இதற்கென்றே லைன்இன்ஃபைல் மாட்யூல் இருப்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.) ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாய்க்குறி (|) இன்னொரு வம்பு: டேட்டாபேஸை நகலெடுக்கும் டம்ப் தோற்றாலும் அடுத்து நின்று சுருக்கும் ஜிஜிப் ஜெயித்துவிட்டால் மொத்தமும் வெற்றி என்றே கணக்காகும். பேஷைக் கூப்பிட்டு, இடையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் போடாவிட்டால் உள்ளே ஒன்றுமில்லாத பேக்கப் கோப்புதான் மிஞ்சும்.

அதற்காக ஷெல்லை ஒதுக்கவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை விரிக்க வேண்டிய டார் கோப்புக்கு (பல கோப்புகளைக் கட்டிய பொட்டலம்) 'கிரியேட்ஸ்' என்று ஒரு பாதையைக் கொடுத்தால் போதும். அந்தக் கோப்பு இருந்தால் கட்டளை ஓடாது. அதற்குப் போய் நூறு வரி பைத்தான் எழுதுவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பேஷ் மாட்யூலை நான் பரிந்துரைப்பதில்லை. ஜேசன் என்ற தரவு வடிவில் பதில் தந்தால் எந்த மொழியும் ஆன்சிபிளுக்குச் சம்மதம்தான். ஆனால் பிழைச் செய்தியில் ஓர் இரட்டை மேற்கோள் வந்தால் கையால் கட்டிய ஜேசன் உடைந்துபோகும். இலக்கு சர்வரில் பைத்தானே இல்லாதபோது மட்டும் இதைத் தொடலாம்.

பைத்தானில் ஆன்சிபிள்மாட்யூல் வகுப்பு பாதிச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது: அளவுருக்களின் வகையைச் சரிபார்க்கிறது, 'நோ லாக்' குறித்தால் கடவுச்சொல்லைப் பதிவேட்டில் மறைக்கிறது. மீதி நம் பொறுப்பு. இப்போதைய நிலையைப் படி. கேட்ட நிலையோடு ஒப்பிடு. வேறுபட்டால் 'மாறும்' என்று குறி. செக் மோடாக (எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம்) இருந்தால் அங்கேயே வெளியேறு. இல்லையென்றால் மட்டும் கை வை. இந்த நான்காவது படியில்தான் நான் வழுக்கினேன். செக் மோடை ஆதரிக்கிறேன் என்று அறிவிக்காத மாட்யூலை அந்த ஓட்டத்தில் ஆன்சிபிள் தாண்டிவிடும், ஆபத்தில்லை. நானோ ஆதரிப்பதாக அறிவித்துவிட்டு, அதற்கான நிபந்தனையை எழுத மறந்தேன். ஒத்திகை என்று நம்பி ஓட்டியதில் சோதனை சர்வரின் மூன்று பயனர் கணக்குகள் நிஜமாகவே அழிந்தன.

பைத்தானுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 2024-ல் வந்த ஆன்சிபிள் கோர் 2.17, இலக்கு சர்வரில் பைத்தான் 3.7-ஆவது இருக்க வேண்டும் என்கிறது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் சொந்தப் பைத்தான் 3.6. பழைய சர்வர்களை வைத்திருப்பவர்கள் மாட்யூல் எழுதும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது நான் ஷெல்லில்தான் தொடங்குகிறேன். அந்த வரியைச் சுற்றி 'எப்போது மாறியது', 'எப்போது தோற்றது' என்று மூன்றாவது நிபந்தனை முளைக்கும் அன்று பைத்தானுக்கு மாற்றிவிடுகிறேன். எழுதியதும் இரண்டு முறை ஓட்டுகிறேன். இரண்டாவது ஓட்டத்தில் 'மாறியது 0' வராவிட்டால் கிட் (Git) களஞ்சியத்தில் சேர்ப்பதில்லை.