ஊர் டீம் ஜெர்சி (ஹோம், ஃபேன் வெர்ஷன்): ஃபுட்பால் பக்கமே போகாதவனோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இந்த ஜெர்சிய நான் ஆசைப்பட்டு வாங்கல. எங்க ஊர் டீம் எப்பவும் டேபிள்ல அடியில கிடக்கும், அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க, நானும் நிம்மதியா இருந்தேன். இந்த சீசன் என்ன ஆச்சோ தெரியல, வரிசையா ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் போயிட்டாங்க, அதுக்கப்புறம் ஊர்ல ஒருத்தனும் சாதா சட்டை போடறதில்ல. ஆபீஸ்ல மேனேஜர் ஜெர்சில வர்றாரு, லிஃப்ட்ல பேசவே பேசாத பெரியவர் ஜெர்சில நிக்கறாரு, பக்கத்து வீட்டு நாய்க்கு கூட ஒண்ணு மாட்டி விட்டிருக்காங்க. கடைசில அக்கா பையன் "மாமா, ஜெர்சி இல்லன்னா ஃபைனலுக்கு எங்ககூட உக்காராதீங்க, ராசி போயிடும்"னு கறாரா சொல்லிட்டான். ஸ்போர்ட்ஸ் நியூஸ் வந்தாலே சேனல் மாத்தற ஆளு நான், என்ன பண்றது, வாங்கிட்டேன்.

வாங்கப் போறவங்க மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, ஒரே ஜெர்சி ரெண்டு விதமா வரும். பிளேயர் வெர்ஷன்னு ஒண்ணு, ஆடறவங்க போடற அதே துணி, ரொம்ப லேசு, உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கும், டீம் லோகோவ தைக்காம சூட்டுல ஒட்டியிருப்பாங்க. இன்னொண்ணு ஃபேன் வெர்ஷன், கொஞ்சம் தடிமனா, லூசா, லோகோ எம்ப்ராய்டரில இருக்கும், விலையும் கம்மி. கடைல இருந்த தம்பி பிளேயர் வெர்ஷன எடுத்து நீட்டுனான். போட்டுப் பாத்தேன், தொப்பை மேல லோகோ ஏறி உக்காந்துக்குச்சு. தொண்ணூறு நிமிஷம் ஓடறவனுக்கு தைச்சத தொண்ணூறு நிமிஷம் சோஃபால உக்காரப் போறவன் போட்டா அப்படித்தான் இருக்கும். நாப்பது வயசத் தாண்டுனவங்க யோசிக்காம ஃபேன் வெர்ஷன் எடுங்க. சைஸ் உங்க வழக்கமான சைஸே சரியா இருக்கு, ஆனா குளிருக்கு உள்ள ஏதாவது போடற ஐடியா இருந்தா ஒரு சைஸ் பெருசா போங்க.

அடுத்த பிரச்சனை, முதுகுல என்ன அடிக்கறது. கவுன்டர்ல நின்னுட்டு "பேரும் நம்பரும் சொல்லுங்க சார்"னா எனக்கு ஒரு பிளேயர் பேரும் தெரியாது, பின்னாடி க்யூல இருந்தவங்க ஆளாளுக்கு ஒரு பேரு சொன்னாங்க. அக்கா பையன்தான் சரியா சொன்னான், "பிளேயர் பேரு வேணாம் மாமா, அடுத்த சீசன் அவன் வேற டீமுக்கு போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க, 12 போட்டுக்குங்க"ன்னான். பதினோரு பேர் ஆடறாங்க, பன்னெண்டாவது ஆளு ரசிகன்னு கணக்காம். பயர்ன் மியூனிக் மாதிரி பெரிய கிளப்லயே 12ம் நம்பர எந்த பிளேயருக்கும் தராம ரசிகர்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. எனக்கு பிடிச்சுது, ஆட வேண்டியதில்ல, ஆனா டீம்ல இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இந்த ஜெர்சி விஷயத்த சும்மா தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு. மேட்ச விட இது சுவாரசியம்பா. இங்கிலாந்து லீக்ல 1928ல ஆர்சனல் கிளப் நம்பர் போட்டு இறங்குறதுக்கு முன்னாடி முதுகு காலியாத்தான் இருந்திருக்கு. ரசிகன் காசு கொடுத்து டீம் சட்டைய வாங்கற பழக்கமே 1970கள்ல அங்க இருந்த லீட்ஸ் யுனைடெட் கிளப்புக்காக அட்மிரல்ங்கற கம்பெனி சூடு பிடிக்க வெச்சதுதான். பிரேசில்னா மஞ்சள்னு எனக்கே தெரியும், ஆனா முன்னாடி அவங்க வெள்ளைதான் போட்டிருக்காங்க. 1950 உலகக் கோப்பைல சொந்த மண்ணுல மரக்கானா ஸ்டேடியத்துல உருகுவே கிட்ட 2-1னு தோத்ததும் அந்த வெள்ளையே வேணாம்னு ஆயிடுச்சு, அப்புறம் ஒரு பத்திரிகை போட்டி வெச்சு, ஜெயிச்ச ஒரு 19 வயசு பையன் வரைஞ்சதுதான் இன்னிக்கும் பாக்கற மஞ்சள். இதுக்கெல்லாம் மேல 1996 மான்செஸ்டர் யுனைடெட் கதை. சாம்பல் கலர் ஜெர்சில சவுத்தாம்ப்டன் கிட்ட பாதி ஆட்டத்துலயே 3-0, கூட்டத்துக்கு நடுவுல சக பிளேயரே கண்ணுக்கு தெரியலன்னு இடைவேளைல சட்டையவே மாத்திட்டு வந்தாங்க, அப்பவும் 3-1னு தோத்தாங்க. என் ஆபீஸ்ல கூட இவ்வளவு நல்லா யாரும் சாக்கு சொன்னதில்ல.

சரி, நம்ம ஜெர்சிக்கு வரேன். துணி முழு பாலியெஸ்டர். வேர்வைய உறிஞ்சாது, வெளிய தள்ளி காய விடும், அதான் அந்த துணியோட வேலை, அத ஒழுங்கா செய்யுது. ஆனா நாத்தத்த பிடிச்சு வெச்சுக்கும், பருத்தி மாதிரி ஒரு அலசுல போகாது. கழட்டுன உடனே துவைங்க, பைக்குள்ள சுருட்டி போட்டு மறுநாள் எடுத்தீங்கன்னா கதை முடிஞ்சுது. உள்புறத்த வெளிய திருப்பி பச்சத் தண்ணில துவைக்கணும், துணி மென்மையாக்கற கண்டிஷனர் ஊத்தாதீங்க, அது நூல் மேல படிஞ்சு வேர்வை போற வழிய அடைச்சிடும். நம்பர் மேல இஸ்திரி பெட்டி வெக்கவே வெக்காதீங்க. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் நேர்த்தியா அயர்ன் பண்றேன்னு உக்காந்து இப்ப அவர் முதுகுல பாதி எட்டுதான் இருக்கு, தூரத்துல பாத்தா மூணு மாதிரி தெரியுது, ஆளும் மூணாம் நம்பர் பிளேயர்தான் பிடிக்கும்னு சமாளிக்கறாரு.

குறைன்னா நெஞ்சு முழுக்க ஸ்பான்சர் பேரு. டீம் லோகோ ஒரு காசு அளவு, விளம்பரம் ஒரு பலகை அளவு. 1973ல ஜெர்மனில ஒரு கிளப் மதுபான கம்பெனியோட மான் தலைய சட்டைல போட்டு பிரபலமாக்குன பழக்கம் இன்னிக்கு இங்க வந்து நிக்குது. பார்சிலோனா மாதிரி 2006ல யுனிசெஃபுக்கு தானே காசு கொடுத்து பேர போட்டவங்களும் இருக்காங்க, எல்லாருக்கும் அந்த மனசு வருமா. காசு கொடுத்து வாங்கி இன்னொருத்தனுக்கு இலவசமா விளம்பரம் பண்ணிட்டு திரியறோம்ங்கறது ஜீரணமாகல. அதுக்கே ஒரு ஸ்டார் கட். கழுத்துல இருக்கற லேபிளும் குத்துது, வெட்டிடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி உள்பக்க சின்ன லேபிள்ல இருக்கற கோட் நம்பர நெட்ல தேடிப் பாருங்க, வேற டீம் சட்டை வந்தா உங்க கைல இருக்கறது டூப்ளிகேட்.

இனி ஃபைனல். டெஸ்டிங் இல்லாம ரிவ்யூ போட்டா நல்லா இருக்காது இல்ல. முதல் அரைமணி நேரம் நான் போன்தான் பாத்துட்டு இருந்தேன். கோல் எதுவும் இல்ல, பந்து அங்க போகுது இங்க வருது. ரெண்டாவது பாதில எங்காள் ஒருத்தன் தள்ளி விட்டான் பாருங்க, வல ஆடுச்சு, மொத்த வீடும் எழுந்து குதிச்சுது, அவன் ஜெர்சிய கழட்டி தலைக்கு மேல சுத்திட்டே ஓடறான். ரெஃப்ரீ வந்து மஞ்சள் அட்டை காட்டறாரு. ஏன்டா, கோல் போட்டதுக்கா தண்டனைன்னு கேட்டா, கோல் போட்டு சட்டைய கழட்டுனா மஞ்சள் அட்டைனு 2004லயே ரூல் வந்துடுச்சாம், 2010 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜெயிக்கற கோல் போட்ட ஸ்பெயின் பிளேயர் இனியெஸ்டாவையே விடலியாம். சரின்னு உக்காந்தா அடுத்த நிமிஷம் வீஏஆர்ல, அதாவது வீடியோல திரும்ப போட்டுப் பாத்துட்டு ஆஃப்சைடு, கோல் செல்லாதுன்னுட்டாங்க. அப்ப அந்த அட்டையாவது வாபஸா? இல்லயாம். கோல் செல்லலன்னாலும் அட்டை செல்லுமாம், ரூல் புக்லயே அப்படித்தான் எழுதியிருக்காம். கோலும் போச்சு, அட்டையும் மிச்சம், இது என்னய்யா நியாயம்னு டிவி முன்னாடி நின்னு கத்திட்டு இருந்தது யாருன்னு பாத்தா நான்தான். அக்கா வாய பொளந்து பாக்கறா, அக்கா பையன் வீடியோ எடுத்துட்டு இருக்கான். அவ்வளவு குதிச்சும் தையல் எங்கயும் விடல, அக்குள்ல கூட பிரியல, அதுக்கு முழு மார்க்.

பெனால்டில தோத்துட்டாங்க. மூணாவது கிக் வெளிய போச்சு, அத பத்தி பேச வேணாம்.

மறுநாள் ஆபீஸுக்கு அதே ஜெர்சில போனேன், துவைச்சு ராத்திரியே காய்ஞ்சிடுச்சு, பாலியெஸ்டரோட ஒரே நல்ல குணம். லிஃப்ட்ல அந்த பெரியவர் என்னப் பாத்து "கீப்பர் இடது பக்கம் பாஞ்சிருக்கணும்"னாரு. நானும் "ஆமா சார், அவன் ஓடி வரும்போதே தெரிஞ்சுது"ன்னேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியல. ஏழாவது மாடி வந்தும் ரெண்டு பேரும் இறங்காம பேசிட்டு இருந்தோம்.

துணி 3.5, பிரிண்ட் 4, ஸ்பான்சர் கொடுமைக்கு 1. மொத்தமா 5க்கு 4 போடறேன், கணக்கு ஒத்து வரலன்னு யாரும் வராதீங்க. அடுத்த சீசன் ஜெர்சி போட்டோ இப்பவே வந்துடுச்சு, காலர் வெச்சு தோள்ல கோடு கோடா போட்டு கேவலமா இருக்கு. எக்ஸ்எல் எப்ப ஸ்டாக் வரும்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.